பித்தளையில் வைத்த சந்தனம்

கூட்டாளி,

இன்று காலை எங்கள் தெருவுக்கு ஈயம் பூசுகிறவர் வந்தார். மாமரத்தடியில் சின்னக் குழி தோண்டித் துருத்தியை மண்ணில் புதைத்து, கரியை ஊதிக் கனல வைத்தார். என் மகள் பெரிய பித்தளைக் குண்டானைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அது நன்றாகக் காய்ந்ததும் அவர் ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடியைத் தூவிப் பழந்துணியால் அழுத்தித் தேய்த்தார். குப்பென்று வெண்புகை கிளம்பியது. வாசலில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன். அந்தப் புகை மூக்கில் ஏறியதும் பென்சில் நின்றுவிட்டது. நவச்சாரம். இருபத்தைந்து வருஷத்துக்கு முன் உன் சட்டையிலும் என் சட்டையிலும், சோறு பிசையும் விரலிலும்கூட இருந்த வாடை.

எழுதிக்கொண்டிருந்தேன் என்று நான் சொன்னதைக் கேட்டு நீ சிரித்திருப்பாய். உண்மைதான். வேலையிலிருந்து நின்ற பிறகு பிரிக்பீல்ட்ஸில் உள்ள வாசகசாலைக்குப் போய், என்னைப் போன்ற பத்துப் பன்னிரண்டு கிழவர்களோடு பெஞ்சியில் உட்கார்ந்து அ, ஆ என்று தொடங்கினேன். ஒரு வருஷம் ஆயிற்று. இப்போது கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டேதான் தெருவில் நடக்கிறேன். சாமான் கட்டி வரும் காகிதத்தைக்கூடப் பிரித்து நீவிப் படிக்காமல் எறிவதில்லை. ரயில் பாதை ஓரத்தில் இத்தனை வருஷம் எழுத்துகள் நின்றுகொண்டே இருந்திருக்கின்றன. நான் அவற்றை வேலிக்கம்புகளைப் பார்ப்பது போலப் பார்த்திருக்கிறேன். ஒரு சொல் சட்டென்று வாய்க்குள் வந்து ஒலிக்கும்போது இந்த வயதிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. மகள் கேட்கிறாள், “என்னப்பா, தனியா சிரிக்கிறீங்க?” என்று.

போன மாதம் வாசகசாலையில் ஒரு மாதப் பத்திரிகையை எடுத்தேன். உடம்பைப் பற்றி ஒரு கட்டுரை. எழுத்துக் கூட்டி முதல் பத்தியைத் தாண்டுவதற்கே வெகு நேரம் ஆனது. அதில் ‘செல்’ என்ற சொல் இருந்தது. நம் உடம்பு கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான செல்களால் ஆனதாம். முன்னொரு காலத்தில் வெள்ளைக்காரர் ஒருவர் புட்டித் தக்கையை மெல்லிசாகச் சீவி, பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடி வழியே பார்த்தாராம். உள்ளே வரிசை வரிசையாகக் குட்டி அறைகள். மடத்துச் சாமியார்கள் தனியே தங்கும் அறை அவர் நினைவுக்கு வந்ததாம். அந்த அறையின் பெயரையே வைத்துவிட்டாராம். தேனடையில் இருக்கும் கண்களுக்கும் அதே பெயர்தான் என்றும் போட்டிருந்தது.

அதைப் படித்துவிட்டுப் பத்திரிகையை மூடினேன். சாமியார் அறையை நான் பார்த்ததில்லை. தேனடையைப் பிழிந்து குடித்ததோடு சரி. ஆனால் செல் என்று சொல்லப்படுவதில் மூன்று என் வாழ்க்கையில் எதிர்ப்பட்டிருக்கின்றன. மூன்றும் உன்னோடு இருந்தபோதுதான். மூன்றின் முன்னாலும் நான் உனக்கு ஒன்றைச் சொல்லியிருக்க வேண்டும். ஒரு தடவையும் சொல்லவில்லை. அதற்குத்தான் இந்த மடல்.

கிள்ளான் போகும் பாதையில் அந்தச் சின்ன ஸ்டேஷன். அதன் பெயர் வேண்டாம். அதன் பின்கட்டில் நாம் இருவரும் வேலை பார்த்த பாட்டரி அறை. மரத்தட்டுகளில் மூன்று வரிசையாகக் கண்ணாடி ஜாடிகள். ஒவ்வொன்றிலும் நவச்சாரத் தண்ணீர், நடுவில் கரிப்பலகை செருகிய மண்குடுவை, ஓரத்தில் துத்தநாகக் கோல். ஒரு ஜாடி ஒரு செல். கரிப்பலகையின் உச்சியில் ஒரு பித்தளைத் திருகு. அதிலிருந்து அடுத்த ஜாடிக்குக் கம்பி. தண்ணீர் வற்றினால் ஊற்ற வேண்டும். கோலைச் சுரண்ட வேண்டும். உப்பு வெள்ளை வெள்ளையாய்ப் பூத்து ஜாடியின் வாயைத் தாண்டி ஏறிவரும். அதைத் துடைத்து வாயில் மெழுகு தடவ வேண்டும். இவ்வளவுதான் நம் வேலை. படிக்கத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லாத வேலை.

நமக்கு மேல் கணக்கெழுதும் கிராணி ஒருவர் இருந்தார், யாழ்ப்பாணத்துக்காரர். நம்மை வேலைக்கு வைத்த அன்று அவர் சொன்னது உனக்கு நினைவிருக்கும். “தனிச் செல்லுக்குப் பலம் இல்லை. கை கோத்து நிண்டால்தான் மணி அடிக்கும். ஒண்டு கையை விட்டால் முழு வரிசையும் செத்துப்போகும். விளங்குதோ?” நீ தலையாட்டிவிட்டு, அவர் போனதும் என்னிடம், “கறவை மாடுங்கடா இதெல்லாம். வேளைக்குத் தண்ணி காட்டு, மணி அடிக்கும். காட்டல, உதைக்கும்” என்றாய். ஒரு ஜாடி மட்டும் எப்போதும் சோர்ந்து கிடக்கும். அதற்கு உன் மச்சான் பெயரை வைத்தாய்.

மூன்று வரிசைகளில் ஜன்னல் பக்கத்து வரிசை கேட்டுக்கு உரியது. அரை மைலுக்கு அப்பால் சாலை தண்டவாளத்தைக் கடக்கும் இடத்தில் கேட்காரர் குடிசை. ரயில் புறப்பட்டதும் ஸ்டேஷனில் பொத்தானை அழுத்துவார்கள். குடிசையில் மணி அடிக்கும். அவர் கேட்டைச் சாத்துவார். வளைவும் மரங்களும் மறைத்ததால் மணியைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை.

அந்த வருஷத்து ஆயுத பூசை.

ரயில்வேயில் நம் ஆட்கள் எங்கே இருந்தார்களோ அங்கெல்லாம் அன்றைக்குப் பூசை உண்டு. செந்தூல் பட்டறையில் பெரிய பெரிய யந்திரங்களுக்கு மாலை போடுவார்கள் என்று கேள்விப்பட்டு, நம் ஜாடிகளுக்கு மட்டும் என்ன குறை என்று நீதான் ஆரம்பித்தாய். முதல் நாளே எல்லாவற்றையும் கழுவித் துடைத்தோம். உன் சம்சாரம் காலையிலேயே சந்தனம் அரைத்துக் கிண்ணத்தில் கொடுத்தனுப்பியிருந்தாள்.

நான் கிண்ணத்தைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, “என்னடா இது, சந்தனமா மோரா?” என்றேன்.

“அவகிட்ட போய்க் கேளு. குழவியத் தூக்கி அடிப்பா.”

“கையில நிக்கலயே, ஓடுது.”

“உன் நெத்தியிலயா வைக்கப்போறோம்? ஜாடியிலதானே. வாடா.”

நீ ஒவ்வொரு ஜாடியின் வயிற்றிலும் பொட்டு வைத்துக்கொண்டு போனாய். நான் பின்னாலேயே குங்குமம் வைத்துக்கொண்டு வந்தேன். நடுவில் நீ நின்று, விரலை நீட்டி எனக்குச் சொன்னாய்: “கண்ணாடியில மட்டும் வை. பித்தளைப் பக்கம் போயிடாதே.” நானும் சரி என்றேன். பிறகு பொரி, கடலை, சூடம் வாங்கிவர நீ கடைக்குப் போனாய்.

நான் தனியாக இருந்தேன்.

அப்போது என் மனைவி நிறைமாதம். முன்னே இரண்டு பிள்ளைகள் பிறந்து தங்கவில்லை. இது உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது இதுதான். ஜன்னல் பக்கத்து வரிசையின் முதல் செல் முன்னால் நின்று நான் கும்பிட்டேன். சக்தி அந்தப் பித்தளைத் திருகிலிருந்துதான் புறப்பட்டுப் போகிறது என்று அறிந்திருந்தேன். கண்ணாடி வயிற்றில் வைக்கும் பொட்டு வெளியே நிற்கும்; சக்தி புறப்படும் இடத்தில் வைத்தால் அது நேரே போய்ச் சேரும் என்று தோன்றியது. திருகைத் தளர்த்திக் கம்பியைத் தூக்கினேன். அதன் அடியில் மோதிரவிரலால் சந்தனத்தைத் தடவினேன். கம்பியை அதன்மேல் வைத்துத் திருகை இறுக்கினேன். இந்தப் பிள்ளையாவது நிற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

நீ திரும்பி வந்தாய். சூடம் காட்டினோம். கிண்ணத்தில் மிஞ்சிய சந்தனத்தில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டு, மாவிலையால் எல்லா ஜாடிகளின் மேலும் தெளித்தாய். கிராணி வந்து பொரியைக் கை நிறைய அள்ளிக்கொண்டு, “உங்கட சாமியள் எல்லாம் கண்ணாடிக்குள்ளேயோ இருக்கினம்?” என்று சிரித்தார். அன்று மாலை ரயிலுக்கு மணி அடித்தது. மறுநாள் காலை ரயிலுக்கும் அடித்தது. ஈரச் சந்தனத்தில் உப்புத் தண்ணீரும் கலந்து மின்சாரம் எப்படியோ ஊர்ந்து போயிருக்கிறது. பூசை வைத்த ஆயுதத்தை மறுநாள் எடுக்கும்வரை தொடக் கூடாது என்று நாமும் தொடாமல் இருந்தோம். வெயில் ஏறியது. சந்தனம் காய்ந்தது.

மத்தியான ரயில் போன கொஞ்ச நேரத்தில் ஆட்கள் பாதையோரமாக ஓடுவதைப் பார்த்தோம். செங்கல் ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று திறந்த கேட் வழியே தண்டவாளத்தில் ஏறியிருந்தது. ஒரு மாடு அங்கேயே செத்தது. வண்டிக்காரரின் இடது கால் சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. கேட்காரர் தலையில் அடித்துக்கொண்டு, “மணி அடிக்கலய்யா, சத்தியமா மணி அடிக்கலய்யா” என்று ஒவ்வொருவர் காலையும் பிடித்துக்கொண்டிருந்தார்.

துரை வந்தார். கிராணி முள் ஆடும் பெட்டியை எடுத்துவந்து செல் செல்லாகத் தொட்டுப் பார்த்தார். முதல் செல்லில் முள் ஆடவில்லை. திருகைக் கழற்றினார். புண்ணின் பொருக்கு உதிர்வது போல மஞ்சளாய் ஒரு சில்லு அவர் உள்ளங்கையில் விழுந்தது.

“இது என்னடாப்பா? என்ன செய்து வைச்சிருக்கிறியள்?”

நீ அந்தச் சில்லைப் பார்த்தாய். ஜாடிகளின் மேல் தெளித்துக் காய்ந்திருந்த துளிகளைப் பார்த்தாய். முன்னால் வந்து கை கட்டி நின்றாய்.

“நான் தெளிச்ச சந்தனம்ங்கய்யா. தண்ணியா இருந்துச்சு. உள்ள எறங்கிருச்சு போலிருக்கு.”

என்னைக் காப்பாற்ற நீ அப்படிச் சொல்லவில்லை. நீ அதை நம்பினாய். தெளித்தபோது ஒரு துளி அங்கே விழுந்து, திருகின் அடியில் கசிந்து, ஒரு மனிதனின் காலை எடுத்துவிட்டது என்று முழு மனதோடு நம்பினாய். சந்தனம் தண்ணியாய் இருக்கிறது என்று முதலில் சொன்னதும் நான்தான்.

அன்று மாலையே உன்னைக் கொண்டுபோனார்கள். அன்று விடியற்காலையில் என் மனைவிக்கு வலி கண்டு, பெண் குழந்தை பிறந்து, மத்தியான ரயில் நேரத்துக்குத்தான் நான் வேலைக்கு வந்திருந்தேன். அந்தக் கலவரத்தில் அதை உன்னிடம் சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் பகலில் லாக்கப்புக்குச் சோறு கொண்டுவந்தேன். மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் கம்பி. படுத்தால் கால் நீட்ட முடியாது. வாசலில் காவல் நின்ற மாத்தா ஒருவர், “லெகாஸ், லெகாஸ்” என்று அவசரப்படுத்திக்கொண்டே இருந்தார். நீ கம்பியருகே வந்து உட்கார்ந்தாய். முகம் வீங்கியிருந்தது. இருந்தாலும் உன் வாய் சும்மா இருக்குமா?

“இதுக்கும் செல்லுன்னுதான் பேராம்டா. கிராணி வந்து சொன்னாரு. இத்தன நாளு ஜாடிக்கு வெளிய நின்னேன். இப்ப உள்ள இருக்கேன். நீ வந்து தண்ணி ஊத்துற.”

என்னால் சிரிக்க முடியவில்லை. நீயும் சிரிக்கவில்லை.

“அந்த ஆளு கால்?”

“முட்டிக்குக் கீழ எடுத்துட்டாங்களாம்.”

உன் கையில் இருந்த சோற்று உருண்டை இலையில் விழுந்தது. “நான்தான்டா வெட்டினேன்” என்றாய். “அந்த மாவிலைய எடுத்து எடுத்துத் தெளிச்சேனே. யாரு என்னைத் தெளிக்கச் சொன்னா?”

அப்போது சொல்ல வாயைத் திறந்தேன், கூட்டாளி. சத்தியமாகத் திறந்தேன். அதற்குள் நீ கேட்டாய்: “உன் வீட்டுல என்னடா ஆச்சு?”

“பொம்பளப் புள்ள. நேத்து விடியக்காலையில.”

“நல்லாருக்கா?”

“அழுவுறா. பால் குடிக்கிறா.”

கம்பிக்கு நடுவே கையை நீட்டி என் தலையைத் தொட்டாய். இரண்டு நாளில் அன்றுதான் உன் முகத்தில் வெளிச்சத்தைப் பார்த்தேன். என் வாய் மூடிக்கொண்டது. வேலை போய்விடும், லாக்கப் வந்துவிடும் என்ற பயமும் இருந்தது. இல்லை என்று எழுதமாட்டேன். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அந்தச் சந்தனத்துக்குத்தான் இந்தப் பிள்ளை கிடைத்தது என்று நினைத்தேன். தப்பு என்று வெளியே சொன்னால், கொடுத்த சாமியே திருப்பி எடுத்துக்கொண்டுவிடுமோ என்று நடுங்கினேன். இப்படியெல்லாம் ஒரு மனிதன் கணக்குப் போடுவானா என்று நீ கேட்பாய். நான் போட்டேன்.

உனக்கு மூன்று மாதம் கிடைத்தது. வெளியே வந்தபோது ரயில்வேயில் உனக்கு இடமில்லை. குவார்ட்டர்ஸைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். நீயும் உன் சம்சாரமும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கேரி தீவுத் தோட்டத்துக்குப் போனீர்கள். நான் அதே ஜாடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு இங்கேயே இருந்தேன். அடுத்த வருஷம் ஆயுத பூசைக்கு அந்த அறையில் யாரும் சூடம் ஏற்றவில்லை.

வண்டிக்காரர் கிள்ளானில் தன் மகள் வீட்டோடு போய்ச் சேர்ந்தார். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ படகில் இக்கரைக்கு வந்து, மீதி வழியை நடந்தே கடந்து அவர் வீட்டுக்குப் போவாய் என்று கேள்விப்பட்டு, ஒரு முறை நானும் வந்தேன். நீ கிணற்றில் இறைத்து, பீப்பாய் நிரம்பும்வரை தூக்கிவந்து ஊற்றினாய். விறகு பிளந்தாய். கூரையில் ஏறி அத்தாப்பு ஓலையை மாற்றினாய். அவர் கட்டைக்காலை நீட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்து, “போதும்யா, ஒக்காரு, டீ குடி” என்றால், நீ தலையைக் குனிந்துகொண்டே இன்னொரு நடை போவாய். அன்று மூவரும் கோயிலுக்குப் போனோம். குருக்கள் தட்டை நீட்டினார். நீ திருநீறு மட்டும் எடுத்தாய். சந்தனத்தைத் தொடவில்லை. நான் அதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டு, என் நெற்றியில் சந்தனம் வைத்துக்கொண்டேன்.

மூன்றாவது செல், தோட்ட ஆஸ்பத்திரியில்.

உனக்குக் குளிர்க்காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது, இந்தத் தடவை அடங்கவில்லை என்று ஆள் வந்து சொன்னான். நான் வந்து சேர்ந்தபோது மருந்து கொடுக்கும் டிரெசர் உன் விரலில் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுத்துக்கொண்டிருந்தார். கண்ணாடித் துண்டில் அதைத் தேய்த்துக்கொண்டே, நாம் கேட்காமலே சொன்னார், “இரத்தத்துலயும் செல் இருக்குங்க. வட்டம் வட்டமா. இந்தக் காய்ச்சல் பூச்சி அதுக்குள்ள புகுந்து பூட்டிக்குது. உள்ளேயே தின்னு கொழுத்து, ஒடச்சுக்கிட்டு வெளிய வரும்போதுதான் குளிர் தூக்கிப் போடுது.”

நீ கம்பளிக்குள்ளிருந்து என்னைப் பார்த்தாய். பற்கள் அடித்துக்கொண்டிருந்தன. “எங்க போனாலும் செல்லுதான்டா நமக்கு” என்றாய்.

உன் சம்சாரம் வாசலில் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள். டிரெசர் போய்விட்டார். நீயும் நானும்தான். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கிடந்துவிட்டு, “ஒரு சொட்டுடா” என்றாய். “ஒரே ஒரு சொட்டு. அது பக்கத்து ஜாடியில விழுந்திருக்கக் கூடாதா?”

அதற்கு மேல் ஒருவனுக்கு என்ன சந்தர்ப்பம் வேண்டும்? உனக்குக் காது கேட்டது. புத்தி தெளிவாய் இருந்தது. என் மகளுக்குப் பத்து வயதாகிவிட்டது. அவளை இனி யாரும் திருப்பி எடுத்துக்கொள்ளப் போவதில்லை. பயமும் அப்போது இல்லை. பயம் போன இடத்தில் வெட்கம் இருந்தது. இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்டால் என்ன சொல்வேன் என்று யோசித்தேன். யோசித்துக்கொண்டே உன் கம்பளியை இழுத்துவிட்டேன். “தூங்குடா” என்றேன். இரண்டாம் நாள் நீ போய்விட்டாய்.

அந்தப் பத்திரிகையைப் படித்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை ரயில் ஏறிக் கிள்ளானுக்குப் போனேன். வண்டிக்காரர் இருக்கிறார். தலை முழுவதும் நரைத்துவிட்டது. குரல் மட்டும் மாட்டை அதட்டிய அதே குரல். அவர் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். திருகைத் தளர்த்தியது, தடவியது, இறுக்கியது எல்லாம். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார். முடிந்ததும் எழுந்து போய்த் துப்பிவிட்டு வந்தார்.

“இத எதுக்குய்யா இப்ப வந்து எங்கிட்ட சொல்ற?”

“சொல்லணும்னு இருந்திச்சுண்ணே.”

“எங்கால் போனது போனதுதான். நீ தடவினா என்ன, அவன் தெளிச்சா என்ன. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்.” கட்டைக்காலை இரண்டு கையாலும் தூக்கி மாற்றி வைத்தார். “ஆனா அவன் தண்ணியத் தூக்கிட்டு வரும்போது எம் மூஞ்சியப் பாக்கவே மாட்டான். பத்து வருசம். கீழ பாத்துக்கிட்டே வருவான், கீழ பாத்துக்கிட்டே போவான். நீ அத பாத்திருக்கியா?”

“பாத்திருக்கேன்.”

“பாத்துட்டுமா சும்மா இருந்த?”

அவர் மகள் டீ கொண்டுவந்து வைத்தாள். ஆறிப்போயிற்று.

கிளம்ப எழுந்தபோது அவர் மறுபடி பேசினார். “அவன் பொண்டாட்டி இன்னும் அங்கதான் இருக்கு, தெரியுமா? போன தீபாவளிக்கு வந்துச்சு. ‘அண்ணே, அன்னிக்கு நான் கெட்டியா அரைச்சிருந்தா உங்க கால் உங்ககிட்ட இருக்கும்’னு சொல்லி அழுவுது. ஒவ்வொரு வருசமும் வந்து அதேதான் சொல்லுது. நானும் ‘போ தங்கச்சி, போ’ன்னு சொல்லி அனுப்புறேன். அதுகிட்ட போய்ச் சொல்லு. எங்கிட்ட கொட்டிட்டு மூச்சு விட்டுட்டுப் போயிடலாம்னு பாக்காத.”

ரயிலில் திரும்பி வரும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். இத்தனை வருஷமும் இது உனக்கும் எனக்கும் நடுவில் உள்ளது என்றே நினைத்திருந்தேன். அவளை நான் நினைக்கவே இல்லை. காலையில் எழுந்து, உனக்காக, நமக்காக, கல்லில் தண்ணீர் விட்டுச் சந்தனம் அரைத்தவள். நான் கிண்ணத்தைச் சாய்த்துச் செய்த கேலியை நீ வீட்டில் போய்ச் சொல்லியிருப்பாய். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். நீ ஒரு பங்கைச் சுமந்தாய், போய்விட்டாய். அவள் இன்னும் சுமந்துகொண்டு வருஷா வருஷம் படகேறி வருகிறாள்.

அதனால் எழுத உட்கார்ந்தேன். ஈயம் பூசுகிறவர் வந்த அன்று தொடங்கி ஆறு நாளாகிறது. ஒரு பக்கம் எழுத ஒரு காலைப்பொழுது போகிறது. தப்பான எழுத்தை ரப்பரால் அழித்து அழித்துத் தாள் சில இடங்களில் ஓட்டையாகிவிட்டது. உண்மையைச் சொல்கிறேன், எழுதும்போது இடையிடையே சந்தோஷமாகக்கூட இருந்தது. உன் பேச்சை உன் வாயில் வந்தபடியே தாளில் வைக்க என்னால் முடிகிறது. ‘டா’ என்று எழுதினால் நீ கூப்பிடுவது போலவே கேட்கிறது. இந்தச் சந்தோஷத்துக்கு எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்டுக்கொண்டேன். ஆனாலும் வந்தது.

எழுதி முடித்து, மடித்து, அவள் கையில் கொடுத்துவிட்டு அடுத்த படகில் திரும்பிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்திருந்தேன். நேற்றுத்தான் உறைத்தது. அவளுக்குப் படிக்கத் தெரியாது. தோட்டத்தில் யாராவது படித்துச் சொல்வார்கள் என்று விட்டுவரவும் முடியாது. இதைப் பிறர் வாயால் அவள் கேட்கக் கூடாது. இதை எழுதினவனே அவள் முன்னால் உட்கார்ந்து படிக்க வேண்டும். ‘நீ, நீ’ என்று உன்னைப் பார்த்து எழுதியதையெல்லாம் அவள் முகத்துக்கு நேரே வாய்விட்டுப் படிக்க வேண்டும். ஒரு வருஷம் பெஞ்சியில் உட்கார்ந்து நான் கற்றுக்கொண்டது இதற்குத்தான் போலிருக்கிறது.

என் மகளுக்கும் சொல்லிவிட்டேன். “நானும் கூட வரேன்ப்பா” என்றாள். வேண்டாம் என்றேன்.

நாளைக் காலையில் கிளம்புகிறேன். நான் இன்னும் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறேன். நீளமான சொல் வந்தால் நின்றுவிடுவேன். திருகின் அடியில் சந்தனத்தைத் தடவியது நான் என்கிற இடத்தில் மட்டும் அப்படி நிற்கக் கூடாது, ஒரே மூச்சில் படித்துவிட வேண்டும் என்று இன்று மாலையிலிருந்து சத்தமாகப் படித்துப் பழகுகிறேன். ஐந்து தடவை படித்தேன். அதில் நீளமான சொல் ஒன்றுமில்லை. ஐந்து தடவையும் அங்கேதான் நின்றேன்.

விளக்கைத் தூண்டிவிட்டு மறுபடி முதல் வரியிலிருந்து படிக்கப்போகிறேன்.